ஊட்டில டெய்லி சைக்கிள் ஓட்ட எந்த பூட்டு, எந்த லைட்டு, எந்த மட்கார்டு?

காந்தல்_சைக்கிள்:

எல்லாருக்கும் வணக்கம். காந்தல்ல வீடு, சேரிங்கிராஸ் பக்கத்துல ஆபீஸ். பஸ்சுக்கு நின்னு நின்னு அலுத்துப்போய் கோயம்புத்தூர்ல சித்தி பையன் ஓட்டாம தூசி படிய விட்டிருந்த சைக்கிளை வாங்கிட்டு வந்துட்டேன். 26 இஞ்ச் வீல், டயர்ல 1.95னு போட்டிருக்கு, முன்னாடி ஷாக் அப்சார்பர் வெச்ச ஃபோர்க்கு, ரெண்டு வீலுக்கும் டிஸ்க் பிரேக், கியர் இருக்கு. மேடு ஏறுறதைப் பத்தி யாரும் கவலைப்பட வேண்டாம், முடியலன்னா இறங்கித் தள்ளிக்கிட்டு போவேன், அதுல எனக்கு வெக்கமே கிடையாது.

பிரச்சனை என்னன்னா இதுல மட்கார்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ரோடு ஈரமா இருந்தா போதும், ஆபீஸ் போய் சேர்றதுக்குள்ள சுடிதார் முதுகுல நடுக்கோடு இழுத்த மாதிரி சேறு. லைட்டும் இல்ல. சாயங்காலம் ஏழு மணிக்கு கெளம்புறப்ப மார்க்கெட் தாண்டினா சில நாள் முன்னாடி போற ஆட்டோவே தெரியாது, அவ்ளோ மிஸ்ட்டு. பூட்டுன்னு பாத்தா நம்பர் திருகுற மெல்லிசு கேபிள் ஒண்ணு கூட வந்துச்சு, ஆபீஸ்ல எல்லாரும் அதைப் பாத்து சிரிக்கிறாங்க.

மொத்தமா 4,000 ரூபா வெச்சிருக்கேன். மொதல்ல நல்ல பூட்டு, அப்புறம் லைட்டு, மிச்சம் இருந்தா மட்கார்டுன்னு நெனச்சிருக்கேன். சரியா? இங்க மலைல ஓட்டறவங்க சொன்னா நல்லா இருக்கும், பெங்களூர்க்காரங்க போடற வீடியோவெல்லாம் பாத்து குழம்பிட்டேன்.

கேத்திபாலாடா:

சிஸ்டர், காசு போதும், வரிசையை மட்டும் தலைகீழா திருப்பிடுங்க. மொதல்ல பின்னாடி லைட்டு, ரெண்டாவது மட்கார்டு, மூணாவது முன் லைட்டு, கடைசில பூட்டு. பூட்டு இல்லாம போனா சைக்கிள்தான் போகும், பின் லைட்டு இல்லாம மிஸ்ட்டுல போனா என்ன போகும்னு நான் சொல்லணுமா. சீசன்ல வர்ற டூரிஸ்ட் வண்டிங்களுக்கு நம்ம ரோடும் தெரியாது, மிஸ்ட்டுல ஓட்டற பழக்கமும் கிடையாது, அதுல பாதி பேரு முன் கண்ணாடிய தொடச்சிக்கிட்டே ஓட்டுவாங்க.

பின் லைட்டு ரெண்டு வாங்குங்க. ஒண்ணு எப்பவும் நின்னு எரியணும், இன்னொண்ணு வேணும்னா மினுக்கலாம். மினுக்குற லைட்டு மட்டும் இருந்தா மிஸ்ட்டுல பின்னாடி வர்றவனுக்கு நீங்க எவ்ளோ தூரத்துல இருக்கீங்கன்னு பிடிபடாது. எங்க மாட்டறீங்கங்கறது அதை விட முக்கியம். எல்லாரும் சீட் போஸ்ட்ல மாட்டுவாங்க, ஆனா நம்ம ஊர்ல ஜெர்கின் இல்லாம யாரு ஓட்டறா? உக்காந்தா ஜெர்கினோட வால் பின்னாடி தொங்கி அந்த லைட்டை அப்படியே மூடிடும், மழைக்கோட்டு போட்டா சுத்தமா தெரியாது. நமக்கு எரியுதுன்னு நெனப்பு, பின்னாடி வர்றவனுக்கு இருட்டு. அதனால கேரியர் நுனிலயோ பின் மட்கார்டு மேலயோ ஒண்ணு, ஹெல்மெட் பின்னாடியோ பை மேலயோ ஒண்ணு. யாரையாவது சைக்கிள் மேல உக்கார வெச்சு பத்தடி தள்ளி நின்னு பாத்துடுங்க.

முன் லைட்டுக்கு லூமன்னு போடற வெளிச்ச அளவு நம்பரைப் பாத்து ஏமாறாதீங்க. கடைல 1000, 2000னு அட்டைல போட்டிருப்பான். டார்ச் மாதிரி வட்டமா அடிக்கிற லைட்டை மிஸ்ட்டுல ஃபுல்லா போட்டா முன்னாடி வெள்ளைச் சுவர்தான் தெரியும், தண்ணித் துளிங்க எல்லாம் வெளிச்சத்தை நம்ம கண்ணுக்கே திருப்பி அடிக்கும். கண்ணு எவ்ளோ உயரத்துல இருக்கோ அதுக்கு எவ்ளோ கீழ லைட்டு இருக்கோ அவ்ளோ நல்லது. அதனாலதான் கார்ல ஃபாக் லேம்ப்பை பம்பர்ல வெக்கிறான், ஹெல்மெட்ல கட்டுற லைட்டு நம்ம ஊர் மிஸ்ட்டுக்கு ஆகவே ஆகாது. ஹேண்டில்பார்ல மாட்டினாலும் மூக்கைக் கீழ சாய்ச்சு வைங்க, சின்ன மோட்ல போடுங்க. ஜெர்மனில ரோட்டு விதிப்படி சைக்கிள் லைட்டோட வெளிச்சம் மேல்பக்கம் கத்தி வெச்சு வெட்டின மாதிரி இருக்கணும், எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கக் கூடாது. அந்த மாதிரி லைட்டு ஆன்லைன்ல கெடச்சா கூட 500 ரூபா ஆனாலும் வாங்குங்க. தெருவிளக்கு இருக்க ரோட்டுல 200 லூமனே தாராளம், இருட்டு இறக்கம் இருந்தா மட்டும் 400க்கு மேல பாருங்க.

தண்ணி எவ்ளோ தாங்கும்னு அட்டைல ஒரு நம்பர் இருக்கும், ஐ.பி.எக்ஸ் 4னு இருந்தா சாரல் தாங்கும், ஜூலைல நாள் முழுக்க அடிக்கிற மழைக்கு ஐ.பி.எக்ஸ் 6 இருந்தா நிம்மதி. சார்ஜ் போடற ஓட்டைய மூடுற ரப்பரைத்தான் கடைல மொதல்ல திறந்து மூடிப் பாக்கணும், அது லூசா இருந்தா அட்டைல என்ன எழுதியிருந்தாலும் வேஸ்ட்டு.

மட்கார்டு பத்தி வீட்டுக்குப் போய் எழுதறேன், டைப் அடிச்சு வெரல் மரத்துப் போச்சு.

பழைய_ரோட்ஸ்டர்:

தம்பி சொன்னதுல லைட்டு வரைக்கும் ஒத்துக்கறேன். ஆனா இந்த சார்ஜ் சமாச்சாரமே ஒரு தலைவலிம்மா. டிசம்பர் ஜனவரில உறைபனி விழற நேரத்துல பேட்டரி சீக்கிரம் இறங்கிடும், போன்ல பாத்திருப்பீங்களே. நாங்கெல்லாம் அருவங்காட்டுல ஷிப்ட்டுக்குப் போனப்ப பாட்டில் டைனமோதான், 6 வோல்ட் 3 வாட்டு, டயர்ல சாய்ச்சு விட்டா எரியும், சார்ஜும் வேண்டாம் பேட்டரியும் வேண்டாம். டைனமோ போட்டுக்கோங்க, காலத்துக்கும் உழைக்கும்.

பூட்டுக்கு எதுக்கு ஆயிரக்கணக்குல செலவு? பின் வீல்ல மாட்டற ரிங் பூட்டு போதும். அதுல ஒரு சவுகரியம், சாவியோட வண்டிலயே இருக்கும், எடுத்துட்டு வர மறந்துட்டேன்னு ஆகாது.

கேத்திபாலாடா:

ஐயா, டைனமோ பிளெயின்ல நல்லாத்தான் எரியும். மேட்டுல? நடக்கற வேகத்துக்கு ஏறுறப்ப டைனமோ அழுது வடியும், இறங்கித் தள்ளினா சுத்தமா அணைஞ்சிடும், சிஸ்டர் தள்ளிக்கிட்டு போவேன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. மேட்டுல மெதுவா போறப்பதான் பின்னாடிலருந்து வண்டி சீக்கிரம் வந்து சேரும், அங்கதான் லைட்டு வேணும். மழைல டயர் நனைஞ்சா அந்த உருளை வழுக்கும் வேற. வீல் நடுவுலயே வர்ற ஹப் டைனமோல வழுக்கற பிரச்சனை கிடையாது, வண்டி நின்னாலும் கொஞ்ச நேரம் எரியற மாதிரி லைட்டும் வந்துடுச்சு, ஆனா அது இந்த பட்ஜெட்டுல இல்ல. பேட்டரி குளிர்ல சீக்கிரம் இறங்கும்ங்கறது உண்மைதான். வீட்டுக்குள்ள வெச்சு சார்ஜ் போடணும், ராத்திரி சைக்கிள்லயே விட்டுடக் கூடாது, அவ்ளோதான்.

ரிங் பூட்டு நல்லதுதான், கடை வாசல்ல ரெண்டு நிமிஷம் நிறுத்த. ஆனா அது வீல் சுத்தாமப் பாத்துக்கும், அவ்ளோதான், நாலு மணி நேரம் ஆபீஸ் வெளிய நின்னா ஒருத்தன் சைக்கிளையே தூக்கி டெம்போல போட்டுட்டுப் போயிடலாம். கூடவே கம்பத்தோட சேத்துப் பூட்ட ஒரு யு-லாக், அதாவது U மாதிரி வளைஞ்ச கெட்டி இரும்புப் பூட்டு வேணும். கேபிளை ஒரு கட்டிங் பிளேயர் வெட்டிடும், அதைப் பத்தி பேச்சே வேண்டாம். செயின் பூட்டும் பலம்தான், ஆனா அதுக்கு மேல போட்ட துணி உறை நம்ம மழைல ஊறி ஊறி நாறிடும், உள்ள துரு.

சின்ன யு-லாக்கே போதும், ஆனா போடற விதம் இருக்கு. ஷெல்டன் பிரவுன்னு அமெரிக்காவுல ஒரு மெக்கானிக், 2008ல காலமாயிட்டார், அவர் சொன்ன முறை இது. சீட்டுக்குக் கீழ ஃபிரேமோட பின் முக்கோணம் இருக்கில்ல, அதுக்குள்ள வர்ற இடத்துல பின் ரிம்மையும் கம்பத்தையும் சேத்து பூட்டணும். ஃபிரேமைச் சுத்தி போடலன்னாலும் பரவால்ல, ரிம்மு அந்த முக்கோணத்தை விட்டு வெளிய வராது. ரிம்மையே அறுக்கலாமேன்னு கேப்பீங்க, ஸ்போக்கெல்லாம் இழுத்துப் பிடிச்சிருக்கறதால ஹாக்சா பிளேடு பாதி இறங்கினதும் ரிம்மு அதைக் கவ்விப் பிடிச்சிடும். டிஸ்க் தட்டுல மட்டும் பூட்டு இடிக்காம பாத்துக்கோங்க, லேசா வளைஞ்சாலும் ஓட்டறப்ப கிரீச் கிரீச்னு உயிர எடுக்கும்.

குழாய் மாதிரி வட்ட சாவி போடற பூட்டு பழசு எதுவும் வாங்காதீங்க. 2004ல அந்த மாதிரி பூட்டை சாதாரண பால்பாயிண்ட் பேனா கூட்டை விட்டுத் திருகி ஒருத்தர் திறந்து காட்டி அமெரிக்காவுல பெரிய ரகளையே ஆச்சு. தட்டை சாவிதான் வேணும்.

பெட்போர்டு_டீ:

குன்னூர்லருந்து ரெண்டு விஷயம். மழைக்காலம்னு ஜூன் ஜூலைய மட்டும் கணக்கு பண்ணாதீங்க. தென்மேற்கு அவலாஞ்சி ஊட்டி பக்கம்தான் போட்டுத் தாக்கும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே. எங்களுக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் நவம்பர்தான் ஆட்டம். வேலையா இந்தப் பக்கம் இறங்கி வர்றதுன்னா ரெண்டுக்கும் தயாரா இருக்கணும், அதனால கழட்டி மாட்டற மட்கார்டு வேண்டாம், நிரந்தரமா இருக்கட்டும்.

இன்னொண்ணு காட்டெருமை. ராத்திரி ரோட்டு ஓரத்துல நின்னா கறுப்பு மேல கறுப்பு, உடம்பு தெரியவே தெரியாது, லைட்டு பட்டா கண்ணு ரெண்டு மட்டும் பளபளக்கும். ரோட்டுல முன்னாடி ரெண்டு பொட்டு வெளிச்சம் ஒரே உயரத்துல தெரிஞ்சா பிரேக் பிடிங்க, பூனையா இருக்கும்னு நெனைக்காதீங்க. மினுக்குற மோட்ல போட்டு அதோட மூஞ்சில அடிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம், வெளிச்சத்தைக் கீழ இறக்கிட்டு அது நகர்ற வரைக்கும் தள்ளியே நில்லுங்க.

அப்புறம் வண்டி நிறுத்திட்டுப் போறப்ப லைட்டைக் கழட்டி பைல போட்டுக்கணும். திருடன் எடுக்கறானோ இல்லையோ எங்க பக்கம் குரங்கு எடுத்துடும். என் சீட்டு கவரைக் கிழிச்சு ஸ்பாஞ்சைப் பிச்சு பிச்சு சுவத்து மேல உக்காந்து தின்னு பாத்துச்சு.

கேத்திபாலாடா:

மட்கார்டு. டயர் 1.95 இஞ்ச்னா சுமாரா 50 மில்லிமீட்டர். மட்கார்டு டயரை விட ரெண்டு பக்கமும் கொஞ்சம் அகலமா இருக்கணும், அதனால 60, 65 மில்லிமீட்டர்னு போட்டிருக்கறதை வாங்குங்க. கடைல சீட் போஸ்ட்ல கிளிப் பண்ற வாத்து வால் மாதிரி ஒண்ணு குடுப்பான், முதுகு தப்பிக்கும், ஆனா பின்னாடி வர்றவன் மேலயும் உங்க கியர் செயின் மேலயும் சேறு அடிச்சுக்கிட்டே இருக்கும். பின் வீலுக்கு கம்பி வெச்ச முழு மட்கார்டுதான். ஆக்ஸில் பக்கத்துல ஃபிரேம்ல சின்ன ஸ்க்ரூ ஓட்டை இருக்கான்னு பாருங்க.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு விரல் போற இடைவெளி விடுங்க. அழகா ஒட்டி வெச்சா போட்டோவுக்கு நல்லா இருக்கும், ஆனா நம்ம செம்மண் சேறு அதுல அடைச்சு காஞ்சா வீலே சுத்தாது. கற்பூர மரப்பட்டை, அதான் யூகலிப்டஸ் பட்டை, நீள நீளமா ரோட்டுல உரிஞ்சு கெடக்கும்ல, அது ஒண்ணு முன் வீல்ல மாட்டி மட்கார்டுக்குள்ள சுருண்டு போச்சுன்னா வீல் லாக் ஆகி ஆள் முன்னாடி பறக்கும். அதனால முன்பக்கத்துக்கு கம்பி வெச்ச மட்கார்டு போட்டா, இழுத்தா கழண்டு வர்ற கிளிப்பு இருக்கதா பாத்து வாங்கணும்.

உங்களுக்கு ஷாக் ஃபோர்க்கு, அதுல கம்பி மட்கார்டு போடறது கஷ்டம். ஃபோர்க் மேல மாட்டற மட்கார்டு ஷாக் அமுங்கற தூரத்துக்கு டயரை விட்டு எட்டித்தான் நிக்கும், அதனால காலுக்கு சேறு அடிக்கும். அதுக்கு ஃபிரேமோட சாய்வு பைப்புல அடில ஒரு மட்ஃபிளாப் கட்டணும். காலி பிளாஸ்டிக் ஆயில் கேன் ஒண்ணு எடுத்து அடியையும் வாயையும் வெட்டிட்டு நடுவுல இருக்கறதை நீளவாக்குல கீறி ஒரு தகடா விரிச்சு, ஒரு ஜாண் அகலம் ஒன்றரை ஜாண் நீளத்துக்கு வெட்டுங்க. கேன் ஏற்கனவே வளைஞ்சு இருக்கும்ல, அந்த வளைவு பைப்போட பொருந்தற மாதிரி திருப்பி, ரெண்டு ஓரத்துலயும் மூணு மூணு ஓட்டை போட்டு கேபிள் டை இழுத்துடுங்க. ஓரத்தை மெழுகுவத்தில லேசா காட்டி மழுங்க வைங்க, இல்லன்னா சுடிதார் மாட்டும். கேன் உள்ள எண்ணெய சோப்பு போட்டு கழுவாம நெருப்பு கிட்ட கொண்டு போகாதீங்க.

காந்தல்_சைக்கிள்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பின்னாடி ஃபிரேம்ல ஓட்டை இருக்கு, ஒரு பக்கம் மட்டும் டிஸ்க் பிரேக் காலிப்பர் (தட்டைக் கவ்விப் பிடிக்கற பாகம்) குறுக்க நிக்குது, கம்பி நேரா போகாது போல. டிங்கரிங் கடைல வளைச்சுக்கலாமா? அப்புறம் பூட்டுக்கு எண்ணெய் விடறது, வீட்டுல அம்மா தேங்கா எண்ணெய் விடச் சொல்றாங்க.

பழைய_ரோட்ஸ்டர்:

தேங்கா எண்ணெயா? நம்ம ஊர்ல பாட்டில்லயே கல்லா நிக்கறது பூட்டுக்குள்ள போய் என்னம்மா பண்ணும், சாவி திரும்பாது. தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு, இல்லன்னா பென்சில் முனையச் சுரண்டின கரித்தூள், ரெண்டையும் சேத்து விடாதீங்க, குழம்பாகிடும். பூட்டறப்ப சாவி ஓட்டை கீழ பாத்த மாதிரி இருக்கட்டும், மழைத்தண்ணி உள்ள நிக்காது. எண்ணெய் கையோட டிஸ்க் தட்டைத் தொடாதீங்க, பிரேக் போயிடும். யு-லாக்கும் வாங்கிக்கோங்க, தம்பி சொன்ன டெம்போ விஷயம் வாஸ்தவம்தான்.

கேத்திபாலாடா:

வளைக்க வேண்டாம், வளைச்ச இடத்துல ஆட்டம் குடுத்து கம்பி ஒடியும். ஒரு இஞ்ச் நீள ஸ்க்ரூவும், உள்ள சொருக சின்ன அலுமினிய பைப் துண்டு ஒண்ணும் வாங்கி, கம்பிய காலிப்பருக்கு வெளிய தள்ளி மாட்டிடுங்க. பைப் துண்டு இல்லன்னா நாலஞ்சு வாஷர் அடுக்கலாம். ஸ்க்ரூல ஒரு லாக் நட்டு கட்டாயம் போடுங்க, மார்க்கெட் ரோட்டுக் குழில சாதா நட்டு தானா கழண்டு விழுந்துடும்.