புலித் தாயத்துக் கதையின் தமிழ் வடிவம் தேவை

உறவுகளுக்கு வணக்கம். 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பாகி, பின்னர் சுட்டி டிவியில் தமிழிலும் வந்த ‘ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்’ காட்டூன் தொடரில், விலங்குகளின் பெயர்கொண்ட பன்னிரண்டு மந்திரத் தாயத்துகளில் ஒன்றான புலித் தாயத்தின் சக்தியால் நாயகன் ஜாக்கி சாதுவான ஒருவராகவும் அடாவடியான இன்னொருவராகவும் பிரிந்துவிடும் முதற்பருவ அத்தியாயத்தைத் தமிழ்க் குரலில் தேடுகிறேன். முயல் தாயத்து வேகம் தரும், பாம்புத் தாயத்து உருவத்தை மறைக்கும். ஆனால் ஒரே மனிதனின் இரு குணங்களை எதிரெதிரே நிறுத்திச் சிரிக்க வைக்கும் இந்தக் கதைதான் பன்னிரண்டு தாயத்துக் கதைகளிலும் சிறந்தது என்பேன்.

வெள்ளவத்தையில் எங்களுடன் வளரும் பெறாமகள் இதை ஆங்கிலத்தில் பார்த்து ரசித்துவிட்டாள். தமிழில் கிடைத்தால் அம்மம்மாவும் அவளோடு சேர்ந்து பார்ப்பார். முறையாக வெளியான இறுவட்டு கொழும்பில் எங்கேனும் விற்பனைக்கு உண்டா, அல்லது கட்டணம் செலுத்தியாவது தமிழில் பார்க்கக்கூடிய தளம் உள்ளதா என்பதை அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.