ஷெங்கன் விசா: பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி
துபாயில் வேலை பார்க்கிறேன், இந்திய பாஸ்போர்ட். சர்நேம் கட்டம் காலி; கிவன் நேமில் என் பெயர் மட்டும் ஒற்றையாய் நிற்கிறது. நம் ஊரில் பாதிப் பேர் கதை இதுதானே.

ஜூன் 20 ஐரோப்பா பயணம்; அதற்குத்தான் இந்த ஷெங்கன் விசா. குடியிருப்பு இங்கே என்பதால் விண்ணப்பமும் இங்கேதான். ஆன்லைன் படிவம் சர்நேம் இல்லாமல் அடுத்த பக்கம் போக விடவில்லை. சரி என்று பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டேன். டிக்கெட்டிலும் அப்படியே இரட்டையாக வந்திருக்கிறது. 30,000 யூரோ காப்பீட்டில் மட்டும் ஒருமுறை. போன செவ்வாய் விசா மையக் கவுன்டரில் இருந்த பெண் மூன்று தாளையும் அருகருகே வைத்து, பென்சிலால் வட்டம் போட்டு, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அமெரிக்கப் படிவத்தில் பெயரை சர்நேமில் போட்டு, கிவன் நேமில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டால் முடிந்தது. இங்கே அது கூடாதாம், ஹெல்ப்லைனில் சொன்னார்கள். மெயிலுக்குத் தானியங்கிப் பதில்தான் வந்தது. பெயரைப் பிரித்துப் புது பாஸ்போர்ட் எடுக்கலாம்; அப்புறம் எமிரேட்ஸ் ஐடி (இங்குள்ள அடையாள அட்டை) வரை மாற்ற வேண்டும், அதற்கு நாள் இல்லை. அடுத்த அப்பாயின்ட்மென்ட் மே 12. முடிவு வர 15 நாள், இழுத்தால் 45.

ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வளைகுடாவிலிருந்து ஷெங்கன் விசா வாங்கியவர்கள் சர்நேம் கட்டத்தில் என்ன போட்டீர்கள்?