பாராஸ்டேட்டல்: மாநகராட்சிக்கு வெளியே நிற்கும் வாரியங்களுக்கு ஒரு தமிழ்ச்சொல்

ஜீவன்பீமா நகரிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பெங்களூரின் ஐந்து புதிய மாநகராட்சிகள் எப்படி இயங்குகின்றன என்று இங்குள்ள தமிழர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முக்கால் பங்கு வேலைக்குச் சிரமமே இல்லை. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி, ஆணையர், மாமன்ற உறுப்பினர், நிலைக்குழு, மண்டலம் எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து ஆயத்தமாகக் கிடைக்கின்றன. கர்நாடகத்தில் பட்டண பஞ்சாயத்துக்கும் நகரசபேக்கும் நடுவில் புரசபே என்று ஒரு படி உண்டு. அதற்கு மட்டும் ஓர் அடைமொழி தேவைப்படும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரசு ஏற்படுத்தி, மாநகராட்சிக்கு வெளியே இயங்கும் அமைப்புகளைக் குறிக்கும் பாராஸ்டேட்டல் என்ற ஆங்கிலச் சொல்லில்தான் நின்றுவிட்டேன். கீழே உள்ள வாக்கியத்தின் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும்.

“பெங்களூரின் குடிநீர், பஸ், மின்சாரம் ஆகியவை மாநகராட்சிகளிடம் இல்லை, ______ வசம் இருக்கின்றன.”

தற்காலிகமாக “அரசுசார் அமைப்புகள்” என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

அல்சூரிலிருந்து:

அன்புள்ள சகோதரிக்கு,

பிடிக்காமல் போனதே நல்லது. அரசுசார் அமைப்பு என்றால் படிப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “மாநகராட்சி மட்டும் அரசைச் சாராததா?” என்பதுதான். உங்கள் வாக்கியம் இரண்டு தரப்பைப் பிரித்துக் காட்ட வருகிறது. அந்தச் சொல்லோ இரண்டையும் ஒரே பக்கத்தில் நிறுத்திவிடுகிறது. தன்னாட்சி அமைப்பு என்று யாராவது சொல்வதற்குள் அதையும் மறுத்துவிடுகிறேன். யாரிடமிருந்து தன்னாட்சி? குடிநீர் வாரியத்தின் தலைவரை மாநில அரசுதான் அமர்த்துகிறது. அரசே மாற்றவும் செய்கிறது. அவருக்கு மாமன்றத்திடமிருந்து மட்டும்தான் விடுதலை.

சொல்லைத் தேடும் முன் பொருளைச் சற்றுப் பார்த்துக்கொள்வோம். அரசமைப்பின் 74ஆவது திருத்தம் 1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊரகத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் இடத்துக்கு ஒன்று, சிறு நகரத்துக்கு ஒன்று, பெருநகரத்துக்கு ஒன்று என்று மூன்று வகை நகர அமைப்புகளை வகுத்தது. ஐந்தாண்டுக் காலம், மாநிலத் தேர்தல் ஆணையம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டு குழுக்கள் என எல்லாம் அதில் உண்டு. பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளையும் எழுதி வைத்தது. முதல் பணி நகரத் திட்டமிடல். ஐந்தாவது குடிநீர் வழங்கல்.

ஆனால் அந்தப் பணிகளை நகர அமைப்புகளுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று திருத்தம் சொல்லவில்லை. மாநிலச் சட்டமன்றம் சட்டத்தின் வழியே அளிக்கலாம் என்கிறது 243 டபிள்யூ பிரிவு. இந்த “லாம்” விகுதியில்தான் பெங்களூரின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. குடிநீர் வாரியச் சட்டம் 1964லேயே வந்துவிட்டது. 1945இல் தொடங்கிய நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் 1976இல் பெங்களூர் வளர்ச்சிக் குழுமமாக மாறியது. மாநகரப் பஸ்களுக்கென்று 1997இல் தனிக் கழகம் பிரிந்தது. மின்சாரத்துக்கு 2002இல் பெஸ்காம் வந்தது. அதன் எல்லை பெங்களூரைத் தாண்டிப் பல மாவட்டங்களுக்கு விரிகிறது. 74ஆவது திருத்தத்துக்கு முன் பிறந்தவை அதற்குப் பின்னும் வெளியிலேயே இருந்தன. பின் பிறந்தவையும் வெளியிலேயே பிறந்தன.

இதனால் மக்களுக்கு என்ன என்று கையேட்டைப் படிப்பவர் கேட்பார். 2007இல் பழைய மாநகராட்சியோடு ஏழு நகரசபைகளும் ஒரு புரசபையும் 110 கிராமங்களும் சேர்ந்து பிருகத் பெங்களூரு மகாநகர பாலிகே ஆனது. ஒரு சட்ட நடவடிக்கையில் அந்தக் கிராமங்கள் மாநகரமாகிவிட்டன. அவர்களுக்கென்று திட்டமிட்ட காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது; பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் இடைப்பட்ட 17 ஆண்டுகளில் அந்த வார்டுகளில் வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு, அது நம் கையில் இல்லை என்ற பதில்தான் கிடைத்திருக்கும். அந்தப் பதில் பொய்யும் அல்ல.

நீங்கள் தேடும் சொல் இந்தப் பதிலைத் தனக்குள் வைத்திருக்க வேண்டும். தனித்தனி அமைப்புகளுக்கு நம்மிடம் பெயர்ப் பஞ்சமே கிடையாது. வாரியம், கழகம், குழுமம் என்கிறோம். கன்னடத்தில் மண்டலி, நிகம, பிராதிகார என்கிறார்கள்; ஜலமண்டலி என்ற சொல் நம் வீட்டுத் தமிழிலும் புழங்குகிறது. எல்லாவற்றையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவரும் பொதுப்பெயர்தான் இல்லை. மற்றவர்களும் எழுதட்டும்.

தில்லி கரோல்பாகிலிருந்து:

இணையரசு அமைப்பு, துணைநிலை அமைப்பு என்று இரண்டு எனக்குத் தோன்றின. இரண்டையும் நானே அடித்துவிட்டேன். முதலாவதைப் பார்த்தால் யாரோ போட்டி அரசாங்கம் நடத்துவதுபோல் இருக்கிறது. இரண்டாவதை எங்கள் ஊரில் அச்சிட்டால் துணைநிலை ஆளுநரின் அலுவலகம் என்றுதான் படிப்பார்கள்.

ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். பெங்களூரில் பணிகள் வெளியே பிறந்தன. தில்லியில் அவை உள்ளே இருந்து வெளியே போயின. 1958இல் தில்லி மாநகராட்சி தொடங்கியபோது மின்சாரம், பஸ், தண்ணீர் மூன்றும் அதன் கீழ்தான் இருந்தன. பஸ் 1971இல் போனது. மின்சாரம் 1997இல் தனி வாரியத்துக்குப் போனது. அடுத்த ஆண்டே தண்ணீர் தில்லி ஜல் போர்டிடம் போனது. அதன்பின் மாநகராட்சியை 2012இல் மூன்றாக உடைத்து 2022இல் மறுபடி ஒன்றாக ஒட்டினார்கள். உடைத்தபோதும் ஒட்டியபோதும் நடந்த சண்டையெல்லாம் துப்புரவு, பள்ளிக்கூடம், சொத்துவரி பற்றித்தான். குழாயைப் பற்றி அங்கே பேசவே வழியில்லை. எனவே சொல்லில் “பிரிந்து நிற்பது” என்ற பொருள் இருந்தால் இரு ஊர்களுக்கும் பொருந்தும்.

மும்பை மாட்டுங்காவிலிருந்து:

மேலே எழுதிய இருவரும் பட்டியல் போட்ட பணிகளைப் பார்த்தேன். எங்கள் ஊரைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சோதனை கிடைக்கும்.

மும்பையில் சிவப்பு பஸ் ஓட்டும் பெஸ்ட் நிறுவனம் 1947 முதல் மாநகராட்சியின் சொத்து. தீவு நகரப் பகுதிக்கு மின்சாரமும் அதுவே கொடுக்கிறது. அதை மேற்பார்க்க மன்றத்தில் தனிக் குழு உண்டு. வரவுசெலவுத் திட்டம் மன்றத்துக்கு வந்தாக வேண்டும். தண்ணீரும் அப்படியே. தான்சா, வைதர்ணா பக்கமிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருவது மாநகராட்சியின் நீரியல் துறைதான். பெங்களூரில் மூன்று வெவ்வேறு அமைப்புகள் செய்யும் வேலை இங்கே மன்றத்தின் கூரைக்குள் நடக்கிறது. அதே மும்பையில் 1975இல் வந்த பெருநகர வட்டார வளர்ச்சிக் குழுமம், பெங்களூரின் குழுமத்தைப் போலவே மாநில அரசின் பிள்ளை.

ஆகவே செய்யும் வேலையை வைத்துப் பெயர் சூட்டக் கூடாது. சேவை அமைப்பு, வளர்ச்சி அமைப்பு என்றெல்லாம் போனால் ஒரே பஸ் மும்பையில் ஒரு பெயரும் பெங்களூரில் இன்னொரு பெயரும் பெறுவதை விளக்க முடியாது. யார் பணம் போடுகிறார்கள் என்பதும் அளவுகோல் ஆகாது. யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அளவுகோல்.

இதற்காக மும்பையை யாரும் மெச்ச வேண்டாம். 1888ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாக அதிகாரம் மாநில அரசு அனுப்பும் ஆணையரிடம் இருக்கிறது. எங்கள் மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், நாடா வெட்டுவார். பெஸ்டும் பணத்துக்குத் திண்டாடிக்கொண்டுதான் ஓடுகிறது. ஆனால் திண்டாட்டத்தைப் பற்றி மன்றத்தில் கேள்வி கேட்க முடியும்.

அல்சூரிலிருந்து:

மாட்டுங்கா நண்பர் சொன்னதே அடித்தளம். அதன்மேல் ஒரு சொல் கட்டிப் பார்க்கிறேன். முதலில் வாரியம் என்ற சொல்லையே பொதுப்பெயராக்கலாமா என்று யோசித்தேன். பழக்கமான சொல், சுருக்கமான சொல். தடையாக வந்தது உத்திரமேரூர்.

முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடவோலையில் 30 பேரை எடுத்து, 12 பேரைச் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும் 12 பேரைத் தோட்ட வாரியத்துக்கும் ஆறு பேரை ஏரி வாரியத்துக்கும் அமர்த்தினார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. அந்தச் சபையில் யார் உட்கார முடிந்தது என்பது தனிக்கதை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமணர்களின் சபை அது. குடியாட்சியின் தொட்டில் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த நிபந்தனைகளை வாசிப்பதில்லை. ஆனாலும் அமைப்பு முறையைக் கவனியுங்கள். ஏரியைப் பார்த்துக்கொண்ட வாரியம் சபைக்குள்ளிருந்து பிறந்தது, சபைக்கே கணக்குக் காட்டியது. இன்றைய குடிநீர் வாரியம் அதற்கு நேர் எதிர். எனவே வாரியம் என்பதை மட்டும் வைத்தால் உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்று தெரியாது. மும்பைக்கு மொழிபெயர்க்கும்போது பெஸ்ட் குழுவையும் வாரியம் என்று எழுத நேரலாம்.

நான் முன்வைப்பது: மன்றம்சாரா அமைப்பு.

மாமன்றம், நகர்மன்றம், பேரூராட்சி மன்றம் மூன்றிலும் பொதுவாக நிற்பது மன்றம். மூன்று படிகளுக்கும் ஒரே சொல் போதும். அமைப்புசாராத் தொழிலாளர், அணிசாரா நாடுகள் என்று “சாரா” தமிழில் வேர்விட்டுவிட்டது. புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. வாக்காளர் தேர்ந்தெடுத்த மன்றத்தைச் சாராதது என்ற செய்தி சொல்லிலேயே இருக்கிறது.

சிவாஜிநகரிலிருந்து:

மன்றம் என்றால் எங்கள் தெருவில் ரசிகர் மன்றம். மன்றம்சாரா அமைப்பு என்றால் எந்த நடிகருக்கும் கொடி பிடிக்காதவர்கள் என்று நினைப்பார்கள். சொல்லிவைத்தேன், அவ்வளவுதான்.

ஜீவன்பீமா நகரிலிருந்து:

சிவாஜிநகர் அண்ணனின் கவலை தீர, முதல் முறை வரும்போது மட்டும் “மாமன்றம்சாரா” என்று எழுதிவிடுகிறேன். எனக்கு வேறு மூன்று ஐயங்கள் இருக்கின்றன, ஐயா.

பாராஸ்டேட்டல் என்பது வேறு நாடுகளில் அரசுக்குச் சொந்தமான சுரங்கம், விமானக் கம்பெனி முதலியவற்றையும் குறிக்கிறது. அங்கே நகர மன்றத்துக்கு வேலையே இல்லை.

அடுத்தது, பெங்களூரில் மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் நிர்வாகியின் ஆட்சிதான். மன்றமே கூடாத காலத்தில் எது மன்றத்தைச் சார்ந்தது, எது சாராதது? கையேட்டைப் படிப்பவர் சிரிப்பார்.

மூன்றாவது, கிரேட்டர் பெங்களூரு ஆணையம். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டப்படி முதலமைச்சர் அதன் தலைவர். அதே ஆண்டு செப்டம்பரில் உருவான ஐந்து மாநகராட்சிகளின் மேயர்களுக்கும் அதில் இடம் உண்டு, குடிநீர், பஸ், மின்சார அமைப்புகளின் தலைவர்களுக்கும் உண்டு. இதை எந்தப் பக்கம் வைப்பது?

அல்சூரிலிருந்து:

முதல் ஐயத்துக்கு: சுரங்கத்துக்கும் விமானத்துக்கும் பொதுத்துறை நிறுவனம் என்ற சொல் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. ஆங்கிலம் இரண்டு பொருளுக்கு ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றாகக் கட்ட வேண்டியதில்லை. கலைச்சொல் பட்டியலில் இரண்டு பதிவாகப் போடுங்கள்.

இரண்டாவதற்கு: சார்பைத் தீர்மானிப்பது சட்டம். நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. மாமன்றம் கலைந்திருந்தாலும் குப்பையும் தெருவிளக்கும் சொத்துவரியும் மாநகராட்சிச் சட்டத்துக்குள் இருந்தன. நிர்வாகி மன்றத்தின் இடத்தில் அமர்ந்து மன்றத்தின் அதிகாரத்தைத்தான் செலுத்தினார். குடிநீர் வாரியத்தின் நாற்காலி மன்றம் இருந்தபோதும் அதே இடத்தில் இருந்தது, இல்லாதபோதும் அதே இடத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட காலத்தைத் தனி அலுவலர் ஆட்சி என்பார்கள். அந்தச் சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். மன்றமே கூடாத ஊரில் மன்றம்சாரா என்ற சொல்லைப் பார்த்து ஒருவர் சிரித்தால் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பைக் கையேடு தடுக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்விதான் கடினம். மேயர்கள் உள்ளே அமர்வதால் ஆணையம் மன்றத்தைச் சார்ந்ததாகிவிடுமா? ஆகாது என்பது என் தீர்ப்பு. முதலமைச்சர் தலைமை தாங்கும் அவையில் மேயர் ஓர் உறுப்பினர். அவர் அங்கே கேள்வி கேட்கலாம்; அவருடைய மன்றம் அந்த அவையிடம் கணக்குக் கேட்க முடியாது. அதை மன்றம்சாரா அமைப்புகளோடு சேர்க்காமல் “ஒருங்கிணைப்பு ஆணையம்” என்று தனியே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் திணித்தால் சொல் கெட்டுவிடும்.

பதிவுக்கு இப்படி ஒரு விளக்கம் எழுதியிருக்கிறேன், திருத்திக்கொள்ளுங்கள்:

மன்றம்சாரா அமைப்பு: ஒரு நகரத்தில் பொதுப்பணி ஆற்றினாலும் அந்நகரின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்குக் கணக்குக் காட்டும் கடமை இல்லாத, மாநில அரசோ ஒன்றிய அரசோ சட்டத்தின் வழியாகவோ நிறுவனப் பதிவின் வழியாகவோ ஏற்படுத்திய வாரியம், கழகம், குழுமம் முதலியன.

தில்லி கரோல்பாகிலிருந்து:

“ஒன்றிய அரசோ” என்று சேர்த்ததற்கு நன்றி. எங்கள் வளர்ச்சிக் குழுமம் 1957 முதல் அந்தக் கணக்கில்தான் வருகிறது. புதுதில்லி நகராட்சிக் குழுவை இதில் சேர்க்காதீர்கள். அதன் உறுப்பினர்களை யாரும் தனியாக வாக்களித்து அனுப்புவதில்லை என்றாலும், சட்டப்படி அதுவே அந்தப் பகுதியின் நகராட்சி. அதற்கு “நியமன நகராட்சி” என்று எழுதலாம்.

ஜீவன்பீமா நகரிலிருந்து:

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். “பெங்களூரின் குடிநீர், பஸ், மின்சாரம் ஆகியவை மாநகராட்சிகளிடம் இல்லை, மன்றம்சாரா அமைப்புகள் வசம் இருக்கின்றன.” முதல் பாதியில் சொன்னதை இரண்டாம் பாதி இப்போது விளக்குகிறது. நியமன நகராட்சியையும் எடுத்துக்கொள்கிறேன்.

மன்றம்சாரா என்று எழுதுவதா, மன்றஞ்சாரா என்று புணர்த்தி எழுதுவதா?

அல்சூரிலிருந்து:

இலக்கணப்படி மன்றஞ்சாராதான். ஆனால் படிப்பவர் மன்றம் என்ற சொல்லைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிரித்தே அச்சிடுங்கள், புலவர் யாராவது கேட்டால் என் பக்கம் அனுப்புங்கள்.