பொலோன்யாவிலிருந்து ஒரு நாள்: ரவென்னாவா, ஃபெராராவா?

வணக்கம் நண்பர்களே. அக்டோபரில் அம்மாவுடன் இத்தாலி போகிறேன். பொலோன்யாவில் 4 இரவுகள். அதில் ஒரு நாள் ரயிலில் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், படிகள்தான் சிரமம்.

என் மனம் ரவென்னாவில்தான் நிற்கிறது. சாதாரண ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். 547-இல் திறக்கப்பட்ட சான் வித்தாலே தேவாலயத்தில் ஜஸ்டினியன் பேரரசரும் அவர் மனைவி தியோடோராவும் வண்ணக் கண்ணாடித் துண்டுகளில் இன்னும் மின்னிக்கொண்டு நிற்கிறார்கள். அருகிலேயே ரோமானிய அரசி கல்லா பிளாசிதியாவின் பெயரிலுள்ள சிறிய கல்லறை மண்டபம், கூரை முழுக்க நீல வானமும் நட்சத்திரங்களும். படத்தில் பார்த்த அன்றிலிருந்து இதை அம்மாவுக்குக் காட்ட ஆசை. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறையும் அதே ஊரில்தான்.

ஃபெராரா இன்னும் பக்கம். அகழி சூழ்ந்த கோட்டை, பழைய மதில், சமதளத் தெருக்கள். ஆனால் அது சைக்கிளுக்குப் பேர்போன ஊர்; சைக்கிள் ஓட்டாதவருக்கு அங்கே எவ்வளவு சுகப்படும் என்று தெரியவில்லை.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். ரவென்னா நிலையத்திலிருந்து சான் வித்தாலே வரை வயதானவர் நடக்க முடியுமா, இல்லை டாக்சி நல்லதா? வழியில் உட்கார இடம் இருக்குமா? கல்லா பிளாசிதியாவுக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டுமே, காலை எத்தனை மணிக்கு எடுத்தால் அவசரமில்லாமல் பார்க்கலாம்? அப்புறம், சைவச் சாப்பாட்டுக்கு அங்கே நல்ல கடை ஏதும் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.