5182 அலுமினியத் தகட்டின் டென்சைல் வளைகோட்டில் ரம்பப் பற்கள்: மிஷின் கோளாறா, உலோகத்தின் குணமா?

கேள்வி (தகடுவேலை)

வணக்கம். 1 மி.மீ. 5182 தகடு, ஓ டெம்பர் (சூடாக்கி மென்மையாக்கிய நிலை). டென்சைல் சோதனையில் இழுத்து விசை–நீட்சி வளைகோடு எடுக்கிறேன். மாதிரியின் இணைப்பகுதி (அகலம் மாறாத நடுப்பகுதி) 60 மி.மீ., கிராஸ்ஹெட் (மாதிரியை இழுக்கும் நகரும் சட்டம்) வேகம் நிமிடத்துக்கு 3.6 மி.மீ., அறை வெப்பநிலை. யீல்டு (உலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடம்) தாண்டிக் கொஞ்ச தூரம் வளைகோடு சீராகப் போகிறது. பிறகு ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது. கிரிப்பை மாற்றிப் பார்த்தாயிற்று, அதேதான். மைல்டு ஸ்டீல் போட்டால் பல்லே இல்லை. வேகத்தை 0.36-க்குக் குறைத்தால் பற்கள் இன்னும் ஆழமாகின்றன. இதே தகட்டை பிரஸ்ஸில் இழுத்தால் சாய்ந்த பட்டைகள் விழுகின்றன, பெயிண்ட் அடித்தும் மறையவில்லை. இரண்டும் ஒன்றா? எப்படி நிறுத்துவது?

பதில் (உலோகவியல்)

மிஷினைச் சந்தேகப்படாதீர்கள். இது போர்ட்வன்–லெ ஷாட்டெலியே விளைவு. 1923-லேயே அலுமினியக் கலவைகளில் பதிவாகியிருக்கிறது. 5182-ல் 4 முதல் 5 சதவீதம் மக்னீசியம் இருக்கிறது. உலோகம் நெகிழ்வது டிஸ்லொகேஷன்கள் (அணு அடுக்கில் உள்ள கோட்டுப் பிசகுகள்) நகர்வதால்தான். அவை ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. குறுக்கே வரும் மற்ற டிஸ்லொகேஷன்களில் மாட்டி நின்று நின்றுதான் போகின்றன. நிற்கும் அந்த நேரத்தில் மக்னீசிய அணுக்கள் வந்து சூழ்ந்துகொள்ளும். பிடி இறுகி விசை ஏறும். பிடி விட்டதும் ஒரு பட்டை முழுக்கச் சட்டென்று நெகிழும், விசை விழும். அதுதான் நீங்கள் பார்க்கும் ஒரு பல்.

வேகத்தைக் கூட்டினால் நிற்கும் நேரம் குறைகிறது. சூட்டைக் கூட்டினால் அணு சீக்கிரம் வந்து சேர்கிறது. ஆகவே மெதுவாக இழுப்பதும் சூடாக்கி இழுப்பதும் ஏறக்குறைய ஒரே விளைவைத் தரும். 60 மி.மீ. நீளத்துக்கு உங்கள் 3.6 மி.மீ. என்பது வினாடிக்கு 0.001 ஸ்ட்ரெய்ன் (நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பது), 0.36 என்பது 0.0001. பத்து மடங்கு மெதுவாக்கி அணுக்களுக்குப் பத்து மடங்கு அவகாசம் கொடுத்தீர்கள், பல் ஆழமாயிற்று. மிகவும் குளிர்ந்தால் அணு வந்து சேராது. மிகவும் சூடானால் டிஸ்லொகேஷனோடு சேர்ந்தே நகரும். இரு கோடியிலும் வளைகோடு வழவழப்பாகிவிடும்.

பல்லின் வடிவையும் கவனியுங்கள். வேகமான இழுப்பில் பட்டை ஒரு முனையில் பிறந்து மறுமுனை வரை தொடர்ந்து ஓடும்: ஏ வகை. நடுத்தர வேகத்தில் தாவித் தாவி நகரும்: பி வகை. மிக மெதுவாக இழுத்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிளம்பும்: சி வகை. மாதிரியை நன்றாக பாலிஷ் செய்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஏ வகைப் பட்டை ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

பதில் (டெஸ்ட்லேப்)

மேலே சொன்னது சரி. அளவெடுப்பில் மூன்று இடத்தில் தவறு நடக்கும்.

எக்ஸ்டென்சோமீட்டர் (மாதிரியில் மாட்டி நீட்சியை அளக்கும் கருவி) ஃபீட்பேக்கில் ஸ்ட்ரெய்ன் ரேட்டைக் (நீளும் வேகத்தை) கட்டுப்படுத்தாதீர்கள். பட்டை கேஜ் நீளத்துக்கு (கருவி அளக்கும் பகுதிக்கு) வெளியே இருக்கும்போது கருவிக்கு நீட்சியே தெரியாது. கன்ட்ரோலர் கிராஸ்ஹெட்டை விரட்டும். பட்டை உள்ளே வந்ததும் திடீரென்று பிரேக் போடும். யீல்டுக்குப் பின் நிலையான கிராஸ்ஹெட் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். வளைகோட்டில் படிக்கட்டு தெரிந்தால், பட்டை கேஜுக்குள் வந்து போகிறது என்று பொருள்.

லோட் சிக்னலின் ஃபில்டரை எடுத்துவிட்டு வினாடிக்கு 100 புள்ளிக்குக் குறையாமல் பதியுங்கள். 10 புள்ளி எடுத்தால் பல்லின் அடி தெரியாது, ஆழம் குறைவாகக் காட்டும். மிஷினின் விறைப்பும் ஆழத்தை மாற்றும். எனவே இரண்டு லேபின் பல் உயரத்தை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

பாதியில் வேகத்தைப் பத்து மடங்கு ஏற்றிப் பாருங்கள். மற்ற உலோகங்களில் விசை கூடும், இதில் குறையும். 250 மெகாபாஸ்கல் 248-க்கு இறங்கினால் வேக உணர்திறன் எண் (வேகம் மாறும்போது விசை எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு) சுமார் −0.0035. எதிர்மறை எண் வந்துவிட்டால் கிரிப் சந்தேகத்துக்கு இடமில்லை.

தகடுவேலை

நன்றி. ஸ்டீலில் ஏன் வரவில்லை?

உலோகவியல்

வரும், ஆனால் சூட்டில். அங்கே பிடிப்பவை கார்பனும் நைட்ரஜனும். சாதாரண டெஸ்ட் வேகத்தில் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பற்கள் எழும். 200–300 டிகிரியில் ஸ்டீல் நீலம் பூக்கும்போது வலிமை கூடி நீட்சி குறையும் 'நீல நொறுங்கல்' இதே குடும்பம்தான்.

பதில் (பிரஸ்ஷாப்)

பட்டை விஷயத்துக்கு வருகிறேன். முதலில் எந்த வகை என்று பாருங்கள். தீ நாக்கு மாதிரி ஒழுங்கில்லாமல் இருந்தால் அது யீல்டில் விழும் லூடர்ஸ் கோடு. பிரஸ்ஸுக்குச் சற்று முன் லெவலரில் (உருளைகளுக்கிடையே தகட்டை வளைத்து நிமிர்த்தும் மிஷினில்) ஓட்டினால் போய்விடும். இழுக்கும் திசைக்கு 50, 60 டிகிரி சாய்வில் இணைகோடுகளாக இருந்தால் அது நாம் பேசும் விளைவு. லெவலர் உதவாது.

ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மெதுவாக டிரையல் எடுத்தால் கோடு அதிகம் தெரியும், வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். கிராங்க் பிரஸ்ஸிலும் ஸ்லைடு அடிமுனையை நெருங்கும்போது மெதுவாகிறது. கடைசி மில்லிமீட்டர்களில் இழுபடும் இடத்தில்தான் முதலில் தேடுங்கள். 200–250 டிகிரியில் வார்ம் ஃபார்மிங் செய்தால் கோடு வராது, நீட்சியும் கூடும். ஆனால் லூப்ரிகன்ட் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும், சூட்டில் இருப்பது நிமிடக் கணக்கோடு முடிய வேண்டும். 3 சதவீதத்துக்கு மேல் மக்னீசியம் உள்ள தகட்டை நீண்ட நேரம் இளஞ்சூட்டில் விட்டால் கிரெய்ன் (உலோகத்தின் நுண்படிகம்) எல்லையில் பீட்டா என்னும் மக்னீசியம் மிகுந்த சேர்மம் படிந்து, பின்னால் அரிப்பு விரிசல் வரும்.

கண்ணுக்குத் தெரியும் வெளிப்பேனல் என்றால் 5182-ஐ வைத்துப் போராட வேண்டாம். கார் கம்பெனிகள் அதை உள்பேனலுக்கு வைத்துக்கொண்டு, வெளியே 6016 போன்ற 6000 வரிசைத் தகட்டைப் போடுவதற்கு இந்தக் கோடும் ஒரு முக்கியக் காரணம். உங்கள் பார்ட் உள்பக்கமா, வெளிப்பக்கமா?