புதுப்பிப்பு: பெட்ரோலா, டீசலா? மீன் வண்டி வாங்கி எட்டு மாதம் கழித்து

பாம்பனிலிருந்து மீன் ஏற்றப் பெட்ரோல் பிக்கப் வாங்குவதா, டீசல் வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி டீசலையே வாங்கினேன். ஐஸ் பெட்டிகளை நிறைத்துக்கொண்டு மதுரைக்குப் போகும் நாள்களில் அந்த முடிவு சரியென்றே படுகிறது. டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே நல்ல இழுவிசை கிடைப்பதால், பாரத்தோடு பாம்பன் பாலத்தில் ஏறும்போது கியரை அடிக்கடி குறைக்க வேண்டியிருப்பதில்லை.

ஆனால் ஒன்றை நான் அப்போது எண்ணிப்பார்க்கவில்லை. காற்று ஓங்கிப் படகுகள் கடலுக்குப் போகாத வாரங்களில், வண்டி கடற்கரைக்கும் ஐஸ் ஃபேக்டரிக்கும் இடையே இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடியது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 என்ற வண்டிப்புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. புகை போதிய அளவு சூடேறினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து நீங்கும். குறுகிய ஓட்டத்தில் அந்தச் சூடு வராததால் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ராமநாதபுரம் வரை நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டிய பிறகே அது அணைந்தது.

ஆகவே உள்ளூர் நடை மட்டும் உள்ளவர்கள் பெட்ரோலையே வாங்குங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். எரிபொருள் எதுவானாலும், பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் சேஸிஸை அரிக்கிறது. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன்.