நோஸ்டைவ்: அடுத்து என்னனு தெரிஞ்சும் ஏன் வயித்த பிசையுது?

மிட்ராண்ட்வாசி:
ஸ்பாய்லர் இருக்கு, பாக்காதவங்க பாத்துட்டு வாங்க. ப்ளாக் மிரர் சீரியல்ல மூணாவது சீசன் முதல் எபிசோட் நோஸ்டைவ், 2016ல வந்தது, நான் நேத்து தான் பாத்தேன். கதை தெரியும்ல, எல்லாரும் எல்லாருக்கும் அஞ்சுக்கு மார்க் போடற ஊரு, லேசினு ஒரு பொண்ணு 4.2ல இருக்கா, பெலிக்கன் கோவ்னு ஒரு பணக்கார குடியிருப்புல வீடு வேணும், 4.5 இருந்தா 20 சதவீதம் தள்ளுபடி, அதுக்காக சின்ன வயசு தோழி நேயோமி கல்யாணத்துல மணப்பெண் தோழியா நின்னு கண்ணு கலங்கற மாதிரி ஒரு ஸ்பீச் குடுத்து மார்க்க ஏத்திக்கலாம்னு கிளம்பறா, போற வழியெல்லாம் மார்க் இறங்கிக்கிட்டே போகுது.

என் பிரச்சனை என்னன்னா பத்தாவது நிமிஷத்துலயே மீதிக்கதை முழுக்க சத்தமா சொல்லிட்டேன், பக்கத்துல இருந்த தங்கச்சி தலகாணிய விட்டெறிஞ்சா. ஏறத் துடிக்கறவ விழுவா, நடுவழில ஒரு லாரிக்காரம்மா ஏத்திக்கிட்டு ஞானம் சொல்லும், கல்யாணத்துல மைக்க புடிச்சு மானம் போகும், கடைசில ஜெயில்ல தான் நிம்மதி கிடைக்கும். எல்லாம் பாத்து பாத்து தேஞ்சு போன டெம்ப்ளேட். ஒண்ணு கூட தப்பல. அப்படி இருந்தும் படுத்தா தூக்கம் வரல, காலைல ஊபர்காரருக்கு ஸ்டார் போடறப்போ கை ஒரு நொடி நின்னுச்சு.

டெம்ப்ளேட் இருக்கறது நையாண்டிய கெடுக்குதா, இல்ல அது தான் தாங்குதா? இதே மாதிரி வேற எபிசோட் இருந்தாலும் சொல்லுங்க. இன்னொன்னு, அந்த பெலிக்கன் கோவ் எங்கயோ பாத்த இடம் மாதிரியே இருக்கு, செட்டா நிஜமா?

கார்டன்ரூட்_டிரைவர்:
செட்டெல்லாம் இல்ல, நம்ம தென்னாப்பிரிக்கா தான்! நைஸ்னா. என்2 ஹைவேல ஜார்ஜ் தாண்டி பிளெட்டன்பெர்க் பே போற வழில வரும்ல அந்த லகூன், அதுல இருக்கற தீசன் ஐலண்ட்ஸ். முன்ன மர ஆலை இருந்த இடம், அப்புறம் கால்வாய் வெட்டி தீவு தீவா பிரிச்சு பாலம் போட்டு வீடு கட்டி வித்தாங்க. கதை அமெரிக்கா மாதிரி நடக்குது, ஷூட்டிங் இங்க. அந்த பக்கம் கெஸ்ட இறக்கி விட நிறைய வாட்டி போயிருக்கேன், பேர் கேட்டு கார் நம்பர் எழுதி உள்ள போன் போட்டு கேட்டு அப்புறம் தான் கேட் போட்ட குடியிருப்புங்கள்ல விடுவாங்க. எபிசோட்ல மார்க் கேக்கறாங்க, அவ்ளோ தான் வித்தியாசம்.

பழைய_ரீல்:
மிட்ராண்ட்வாசி, டெம்ப்ளேட் தான் தாங்குதுனு நான் சொல்வேன். ஒரு மணி நேர எபிசோட்ல ஊர்ல இல்லாத ஒரு விதிய கொண்டு வந்து வெக்கணும், அதை யாரும் நின்னு விளக்கக் கூடாது, பாக்கறவனுக்கு தானா புரியணும். அப்போ கதையும் புதுசா இருந்தா பாக்கறவன் எதை புடிச்சுக்குவான்? அதனால தான் கதைய ரொம்ப பழசா வெச்சிருக்காங்க, கல்யாணத்துக்கு போகணும், போற வழில தடங்கல், அவ்வளவு தான். அது யாருக்கும் புரியும். மூளை முழுக்க அந்த மார்க் என்ன பண்ணுதுனு கவனிக்க ஃப்ரீயா இருக்கு.

இப்போ தடங்கல் ஒவ்வொண்ணையும் பாருங்க, சும்மா வரல. ஆபீஸ்ல செஸ்டர்னு ஒருத்தன் காதல் முறிஞ்சு போச்சு, எல்லாரும் அவன் காதலன் பக்கம் சேந்துட்டாங்க, பாவம் ஸ்மூத்தி வாங்கிக்கிட்டு வந்து ஒவ்வொரு டேபிளா குடுத்து மார்க் பிச்சை கேக்கறான், லேசி பாவம்னு நல்ல மார்க் போட்டா அவளுக்கே அடி விழுது. கொஞ்ச நேரத்துல அவனுக்கு ஆபீஸ் கதவே திறக்கல. யாரும் வேலைய விட்டு போனு சொல்லல பாத்தீங்களா, கதவு திறக்கல, அவ்ளோ தான். ஏர்போர்ட் சீன் தான் எனக்கு உச்சம். ஃப்ளைட் கேன்சல், அடுத்ததுல சீட் இருக்கு, ஆனா 4.2க்கு மேல இருக்கறவங்களுக்கு தான், இவ 4.183. கவுன்ட்டர் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சாரி சொல்லுது. லேசி வாய் தவறி ஒரு கெட்ட வார்த்த விடறா, பின்னாடி க்யூல நிக்கறவங்க போன எடுத்து கம்மி மார்க் போடறாங்க, செக்யூரிட்டி வந்து முழுசா ஒரு பாயின்ட் குறைச்சு, 24 மணி நேரத்துக்கு குறையற மார்க் எல்லாம் டபுளா குறையும்னு சொல்றான். அவன் குரல் கடைசி வரைக்கும் உயரவே இல்ல. அந்த ஊர்ல கத்தறது லேசி ஒருத்தி தான், கத்தாதவங்க தான் தண்டனை குடுக்கறாங்க. நம்ம முனிசிபாலிட்டி கவுன்ட்டர்ல நின்னவங்களுக்கு அந்த சிரிப்பு தெரியும்.

ஆரம்பத்துல ஒரு சின்ன விஷயம், கவனிச்சீங்களானு தெரியல. காபி வாங்கறா, கூட ஒரு பிஸ்கட். பிஸ்கட்ட அளவா ஒரு கடி கடிச்சு, துப்பிட்டு, கடிச்ச பக்கம் தெரியற மாதிரி கப்பு பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்து போடறா. அப்புறம் காபிய ஒரு வாய் குடிக்கறா, மூஞ்சி கோணுது. ஒரு வசனம் இல்ல. நையாண்டினா எனக்கு அது தான், மீதி ஜெயில் கியில் எல்லாம் அப்புறம்.

லாரிக்காரம்மா சூசன் விஷயத்துல மட்டும் உங்க கட்சி. 1.4ல இருந்துக்கிட்டு ஃப்ளாஸ்க்ல விஸ்கி ஊத்தி குடுத்து வாழ்க்கைய புரிய வெக்கற அம்மா, ஊருக்கு வெளிய இருக்கறவன் தான் ஞானினு ஒரு சோம்பேறித்தனம். ஆனா அதுலயும் ஒரு வரி தப்பிக்குது. அவ புருஷனுக்கு கேன்சர், அவன் 4.3, ஆஸ்பத்திரி பெட்ட 4.4 இருக்கறவனுக்கு குடுத்துட்டாங்க. அந்த 0.1 தான் உங்களுக்கு தூக்கம் வராம பண்ணிருக்கும், பந்தயம் வெச்சுக்கலாம்.

உம்ஹ்லாங்கா_உமா:
வேற எபிசோட் கேட்டீங்களே அக்கா, தி ஓர்வில்னு ஒரு விண்கப்பல் சீரியல், அதுல முதல் சீசன்ல மெஜாரிட்டி ரூல், 2017 அக்டோபர், நோஸ்டைவ் வந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம். அதுல ஒரு கிரகமே நெஞ்சுல பேட்ஜ் மாட்டிக்கிட்டு திரியுது, மேல அம்பு கீழ அம்பு, கோர்ட் கிடையாது சட்டம் கிடையாது ஓட்டு தான். கப்பல்ல இருந்து வேஷம் போட்டு இறங்கின லமார் ஒரு சிலை மேல ஏறி அசிங்கமா டான்ஸ் ஆடிட்டான், வீடியோ பரவிடுச்சு, அப்புறம் டிவி ஷோ ஷோவா போய் மன்னிப்பு கேக்க வெக்கறாங்க, 1 கோடி கீழ் அம்பு வந்துட்டா மூளைய சரி பண்ணிடுவாங்க, அதாவது ஆள் காலி. மன்னிப்பு கேக்கற சீன்லாம் செம, வருத்தமா இருக்கியானு யாரும் பாக்கல, வருத்தப்படற மூஞ்சி சரியா இருக்கானு தான் பாக்கறாங்க.

ஆனா நோஸ்டைவ் அளவு குத்தல, ஏன்னு யோசிச்சேன். அதுல வெளியூர்க்காரங்க வந்து ஐயோ என்ன இப்படி இருக்கீங்கனு கேக்கறாங்க, நாமளும் அவங்க பக்கம் நின்னு சிரிக்கறோம், நமக்கும் அந்த பேட்ஜுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி. கடைசில கப்பல்ல இருக்கற ரோபோ ஐசக் நெட்வொர்க்ல பொய் போஸ்ட்டா கொட்டி லமார நல்லவனா காட்டி காப்பாத்திடறான், கப்பல் கிளம்பிடுது, ஊரு அப்படியே கெடக்குது. ஒரு உள்ளூர் பொண்ணு மட்டும் டிவிய அணைக்கறா. நோஸ்டைவ்ல கப்பலும் இல்ல வெளியூரும் இல்ல, லேசி கூடவே நாமளும் கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சு பழகறோம்.

காமெடியா வேணும்னா கம்யூனிட்டினு ஒரு சீரியல்ல 2014லயே ஒண்ணு வந்துடுச்சு, காலேஜ்ல மியாவ்மியாவ்பீன்ஸ்னு ஒரு ஆப் வந்து அஞ்சு வாங்கினவங்க ராஜா, ஒண்ணு வாங்கினவங்க தீண்டத்தகாதவங்க ஆயிடுவாங்க. இதையும் நோஸ்டைவையும் அடுத்தடுத்து பாருங்க, டெம்ப்ளேட் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஒண்ணுல வயிறு வலிக்க சிரிக்கலாம், இன்னொண்ணுல சிரிப்பு பாதில நிக்கும்.

சாட்ஸ்வொர்த்_தாத்தா:
பிள்ளைங்களா, பேரன் போட்டு காட்டினான், நானும் பாத்தேன். நல்லா எடுத்திருக்காங்க. ஆனா நீங்க எல்லாம் இதை வரப்போற காலம்னு பேசறீங்க, எனக்கு அப்படி தோணல. 1950ல இங்க நிறவெறி ஆட்சில ரெண்டு சட்டம் வந்துச்சு. ஒண்ணு ஒவ்வொருத்தனும் என்ன இனம்னு எழுதி வெக்கற சட்டம், இன்னொண்ணு எந்த இனம் எந்த ஏரியால இருக்கலாம்னு சொல்ற சட்டம். அடையாள நம்பர்லயே இனத்துக்கு ஒரு இலக்கம் வெச்சிருந்தான், 1986ல தான் அது போச்சு. டர்பன்ல கேட்டோ மேனர்ங்கற ஏரியால மாமரம் வெச்ச வீட்ட விட்டுட்டு எங்கள இங்க சாட்ஸ்வொர்த்துல கொண்டு வந்து போட்டப்ப நான் சின்ன பையன். எங்க ஆயா யார்கிட்டயும் முறைச்சதில்ல, எல்லாருக்கும் சிரிச்ச மூஞ்சி. மார்க் ஏறலையே. அந்த லேசிக்கு சிரிச்சா ஏறும்னு ஒரு வழி இருக்கு பாருங்க, அதனால தான் அது நையாண்டி. எங்களுக்கு ஏணியே கிடையாது.

ஸ்டார் ட்ரெக்ல 1969ல ஒரு எபிசோட் வந்துச்சு, மூஞ்சி பாதி கறுப்பு பாதி வெள்ளை, ரெண்டு பேர் ஒருத்தன ஒருத்தன் கொல்ல துரத்தறான். இங்க டிவியே 1976 ஜனவரில தான் வந்துச்சு, நான் அத பாத்தது ரொம்ப காலம் கழிச்சு. எல்லாரும் அத கிண்டல் பண்றாங்க, பாடம் நடத்தற மாதிரி இருக்குனு. இருக்கட்டும். அதுல ஒரு இடம் வரும், கப்பல்காரங்களுக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி தான் தெரியுது, அப்ப அந்த ஆள் கோவமா சொல்றான், எனக்கு வலது பக்கம் கறுப்பு, அவனுக்கு வலது பக்கம் வெள்ளை, தெரியலையானு. இங்க முடில பென்சில சொருகி விழுதா நிக்குதானு பாத்து இனத்த முடிவு பண்ணினானுங்க. ஸ்டார் ட்ரெக்காரன் மிகைப்படுத்தல பிள்ளைங்களா, குறைச்சு தான் சொல்லிருக்கான்.

இன்னும் ஒண்ணு. பெலிக்கன் கோவ்ல பெருக்கறவங்க, குப்பை அள்றவங்க கதைய அந்த எபிசோட் தொடவே இல்ல. நைஸ்னால எடுத்துட்டு அத விட்டது எனக்கு உறுத்துது.

ஜோபர்க்_ஜாலி:
தாத்தா நீங்க சொன்னது எல்லாம் உண்மை, கோவிச்சுக்காதீங்க, ஆனா எந்த கதைய எடுத்தாலும் அங்கயே கொண்டு போய் நிறுத்திட்டா நோஸ்டைவ் என்ன சொல்ல வருதுனு தவறிடும்ல. அது மேல இருந்து ஒரு அரசாங்கம் போட்ட மார்க் இல்ல, நாமளே ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கறது. அதுல வில்லனே கிடையாது, தேடி பாருங்க. நேயோமி கூட வில்லி இல்ல, அவளுக்கும் கணக்கு, 4.2 இருக்கற பழைய தோழிய கூப்பிட்டா உருக்கமா இருக்கும், மார்க் ஏறும், இவ இறங்கினதும் போன் பண்ணி வராதனு சொல்லிடறா. ரெண்டு பேரும் ஒரே வியாபாரம் தான். வாடகை வீடு தேடறப்போ முதல்ல கிரெடிட் ஸ்கோர் கேக்கறாங்க இங்க, எனக்கு ரெண்டு மாசம் ஒரு பாழா போன மொபைல் பில்லால வீடு கிடைக்கல, எனக்கு கிட்டத்துல இருக்கற நோஸ்டைவ் அது தான்.

நிஜ விஷயத்த கற்பனைக் கதை வேஷத்துல மறைச்சு சொல்றத பத்தி யாராவது ஆரம்பிப்பீங்கனு பாத்தேன். ட்விலைட் ஸோன் டிவி சீரியல் எடுத்த ராட் செர்லிங் அதுக்கு முன்ன, அமெரிக்கால எம்மெட் டில்னு ஒரு கறுப்பின பையன வெள்ளைக்காரங்க கொன்னத வெச்சு ஒரு டிவி நாடகம் எழுதினாரு, ஸ்பான்சருங்க பயந்து போய் ஊரையும் ஆளையும் மாத்தி அடையாளமே தெரியாம பண்ணிட்டாங்க. 1959ல சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கு வந்ததும் அதே விஷயத்த வேற்றுகிரகவாசி வாயில வெச்சு சொல்லிட்டாரு, யாரும் தடுக்கல. நோஸ்டைவ்காரங்களுக்கு அந்த பயம் இல்ல, அதனால வேஷமும் மெல்லிசா இருக்கு. நம்ம போன் கையில, கொஞ்சம் ரோஸ் கலர் பெயின்ட்.

சாட்ஸ்வொர்த்_தாத்தா:
கோவம் எல்லாம் இல்ல தம்பி. ஆனா ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கறதுனு சொன்னீங்களே, அன்னைக்கும் பக்கத்து வீட்டுக்காரன் எழுதிப்போட்டு தான் பல பேர இனத்த முடிவு பண்ற போர்டு முன்னாடி நிறுத்தினாங்க.

மிட்ராண்ட்வாசி:
தாத்தா... அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பழைய_ரீல் அண்ணே, 0.1 தான், பந்தயத்துல நீங்க ஜெயிச்சீங்க. ஆனா கடைசி சீன் மட்டும் இன்னும் எனக்கு ஒத்து வரல. கண்ணுல இருந்து மார்க் காட்டற லென்ஸ எடுத்துடறாங்க, எதிர் செல்லுல ஒருத்தன், ரெண்டு பேரும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு சிரிக்கறாங்க, அதோட முடிச்சிட்டாங்க. ஜெயில் தான் சுதந்திரம்னா மறுபடி அதே டெம்ப்ளேட் தானே?

பழைய_ரீல்:
எனக்கு அது சுதந்திரமா தெரியல. நல்லா பாருங்க, அவன் ஒண்ணு சொன்னா இவ அத விட பெருசா ஒண்ணு சொல்றா, அவன் இன்னும் பெருசா. போட்டி அங்கயும் ஓடுது, மார்க் போட மட்டும் யாரும் இல்ல. உள்ள இருக்கற கணக்குப்பிள்ளை செத்துட்டானா இல்லையானு எபிசோட் சொல்லல, இன்னும் ஒரு நிமிஷம் ஓடிருந்தா யார் நல்லா திட்டினதுனு ஒருத்தன் தீர்ப்பு சொல்லிருப்பான்னு தோணுது.

உம்ஹ்லாங்கா_உமா:
இல்லண்ணே, முழு எபிசோட்லயும் லேசி வாயில இருந்து யோசிக்காம வர்ற முதல் பேச்சு அது தான். கல்யாணத்துல கத்தினது கூட எழுதி வெச்ச ஸ்பீச்சோட மிச்சம். அந்த எதிர் செல்லுக்காரன் மீசைய பத்தி அவ என்ன சொன்னாலும் எனக்கு ஓகே.